விழுந்தது விழுந்தபடியே

தாழங்காட்டுத் தையல்நாயகியின் வயிற்றுப் பிள்ளை ஏன் இருபத்தேழு மாதம் பிறக்காமல் இருந்தது என்று கேட்டால், அந்த ஊரில் யாரும் சாமியைக் காரணம் சொல்ல மாட்டார்கள், பேயைச் சொல்ல மாட்டார்கள், அரசாங்கத்தைத்தான் சொல்வார்கள். அதையும் ஏதோ அதிசயத்தைச் சொல்வது போலச் சொல்லாமல், இன்றைக்கு ரேஷன் கடை திறக்கவில்லை என்று சொல்கிற அதே குரலில் சொல்வார்கள்.

எல்லாம் ஒரு புயலில் தொடங்கியது; எந்தத் தேசத்தாரோ அதற்கு முன்கூட்டியே ஒரு பெயர் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் தாழங்காட்டார் வாயில் நுழையவில்லை. கார்த்திகை வெள்ளிக்கிழமை வந்ததால் வெள்ளிப் புயல் என்றார்கள். விடியுமுன் வந்து, பொழுது கிளம்புவதற்குள் போய்விட்ட அந்தப் புயலில் ஊரின் தென்னைகளில் முக்கால்வாசி ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்துவிட்டன. தையலின் புருஷன் வீரையன் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்த பதினெட்டு மரமும் போயின. பதினேழு கொல்லையில் கிடந்தன. பதினெட்டாவது மரம் கூரையைப் பிளந்துகொண்டு வீட்டுக்குள் இறங்கி, அடி கொல்லையிலும் தலை அடுப்படியிலுமாகக் குறுக்கே கிடந்தது. நிறைமாசமாக இருந்த தையலை வீரையன் முந்தின நாளே பள்ளிக்கூடத்து முகாமில் கொண்டுபோய் விட்டிருந்தான். இல்லாவிட்டால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

மூன்றாம் நாள் மத்தியானம், அந்தப் பள்ளிக்கூடத்தில், இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுச் சேலையால் மறைத்த மூலையில் தையலுக்கு வலி கண்டது. சுகாதார நர்ஸ் ஸ்டெல்லா கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நல்ல வலிதான், பொழுது சாயறதுக்குள்ள ஆயிடும்" என்றாள். அந்த நேரம் பார்த்து ஊர்த் தலையாரி பக்கிரிசாமி ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருவில் வந்தார். மேலிடத்தில் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்து அவர் படித்தது, கூரை போன ஊரில் தடுக்க ஒன்றுமில்லாததால், எல்லார் காதிலும் அப்படியே போய் விழுந்தது.

"பொதுமக்கள் கவனத்துக்கு. மத்தியக் குழு நேரில் வந்து பார்வையிடும் வரை, விழுந்த மரங்கள், இடிந்த வீடுகள், எதையும் அப்புறப்படுத்தக் கூடாது. விழுந்தது விழுந்தபடியே, இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும். மீறினால் நிவாரணப் பட்டியலில் பெயர் இடம்பெறாது."

தையலுக்கு வலி நின்றுவிட்டது. வகுப்பில் வாத்தியார் வந்ததும் வாயில் விரல் வைத்து உட்காரும் பிள்ளை மாதிரி, உள்ளே இருந்தது அப்படியே அடங்கி உட்கார்ந்ததை அவள் உணர்ந்தாள். ஸ்டெல்லா ஒரு மணி நேரம் காத்திருந்தாள், பிறகு பொழுது சாயும் வரை காத்திருந்தாள், பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள்.

பொய்வலி என்றார்கள், சீரகக் கஷாயம் கொடுத்தார்கள். பத்து முடிந்து பதினொன்று பிறந்தது, பதினொன்று முடிந்து பன்னிரண்டு பிறந்தது, பிள்ளை மட்டும் பிறக்கவில்லை. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பிள்ளையின் இதயம் சீராக அடிக்கிறது என்றார்கள், தாய்க்கும் ஒன்றுமில்லை என்றார்கள், ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று நாளும் குறித்தார்கள். ஆனால் கம்ப்யூட்டரில் கர்ப்பகாலம் என்ற கட்டத்தில் நாற்பத்தைந்து வாரத்துக்கு மேல் எந்த எண்ணைத் தட்டினாலும் அது ஏற்கவில்லை. ஏற்காததால் அவள் கர்ப்பிணி இல்லை, கர்ப்பிணி இல்லாதவளுக்கு எப்படிப் பிரசவ ஆபரேஷன் செய்வது என்று வயிறு முட்ட நின்றவளிடமே கேட்டார்கள். தாய்வீட்டில் போய் இரண்டு மாதம் இருந்து பார்த்தாள். மரம் தாழங்காட்டில் கிடக்கும்போது அவள் எங்கே போய் இருந்து என்ன?

ஊரார் அந்த உத்தரவை மீறியிருக்கலாம் என்று வெளியூர்க்காரர்கள் சுலபமாகச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாளின் கதை அவர்களுக்குத் தெரியாது. குஞ்சம்மாளின் மாடு கொட்டகைச் சுவருக்கு அடியில் செத்துக் கிடந்தது. மூன்று நாள் பார்த்தாள், நாற்றம் தாங்காமல் நாலாம் நாள் குழிதோண்டிப் புதைத்துவிட்டாள். செத்த மாடுகளை மட்டும் கணக்கெடுக்க ஆறாம் நாள் வந்த அதிகாரி மாட்டைக் காட்டு என்றார். அவள் மாட்டின் கழுத்துக் கயிற்றைக் காட்டினாள். கயிறு கடையில் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு அவர் எழுதாமல் போனார். பார்க்கப்படாத மாடு சாகவில்லை, சாகாத மாட்டுக்கு நிவாரணம் இல்லை. அன்றிலிருந்து தாழங்காட்டில் யாரும் ஒரு மட்டையைக்கூட நகர்த்தவில்லை. ஊருக்குள் வரும் தார்ச்சாலையில் குறுக்கே விழுந்து கிடந்த மூன்று மரங்களையும் யாரும் தொடவில்லை, வாய்க்கால் கரையில் ஒற்றையடிப் பாதை போட்டு நடந்துகொண்டார்கள். வீரையனும் தையலும் தங்கள் வீட்டில் விழுந்த மரத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டி, மரத்தைத் தாண்டித் தாண்டிச் சமைத்துத் தின்று வாழ்ந்தார்கள்.

ஊர் எதற்கும் பழகிவிடும். தையலின் வயிற்றுக்கும் பழகிவிட்டது. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாக உடைய உடையப் பெண்கள் புதிதாகப் போட்டுவிட்டார்கள், வளையல்காரன் தாழங்காட்டைக் கண்டால் சைக்கிளை நிறுத்தினான். விதைப்பு, அறுப்பு, கடன் தவணை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் "தையலுக்குப் பதினாலாம் மாசம் இருக்கும்போது" என்று நாள் சொல்லப் பழகினார்கள். ஊரில் கர்ப்பமான மற்றப் பெண்கள் ஏழாம் மாதமே அம்மா வீட்டுக்குக் கிளம்பினார்கள், எதற்கும் எல்லை தாண்டியே பெற்றுக்கொள்வது நல்லது என்று. ஒரு கட்சிக்காரர் வந்து அவளோடு நின்று போட்டோ எடுத்துப் பெரிய பேனராக அடித்துக் கட்டினார். கூரையில் தார்ப்பாய் கிழிந்தபோது வீரையன் அந்தப் பேனரைக் கழற்றித்தான் மேலே கட்டினான், நல்ல கெட்டித் துணி.

டீக்கடையில் வாய் சும்மா இருக்குமா? "எள்ளு எண்ணெய்க்குக் காயுது. மரம் நிவாரணத்துக்குக் கிடக்குது. எலிப்புழுக்கையாட்டம் இந்தப் புள்ள எதுக்குய்யா காயுது?" என்று ஒருவன் கேட்டான். "இந்த நாட்டுல சட்டத்த மதிக்கிறவன் அவன் ஒருத்தன்தான். அவனையும் கெடுக்காத" என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். வீரையனும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்து, வீட்டில் மரத்தின் மேல் உட்கார்ந்து அழுதான்.

குழு வருகிறது என்று ஏழு தரம் சொன்னார்கள். ஏழு தரமும் தெருப்பெருக்கிக் கோலம் போட்டார்கள், ஏழு தரமும் குழு வேறு எங்கேயோ போயிற்று. நடுவில் ஒரு நாள் ஒரு பெரிய மனிதர் ஹெலிகாப்டரில் சேதத்தைப் பார்வையிட்டார். ஊரே வெட்டவெளியில் நின்று அண்ணாந்து கையசைத்தது. தையலின் வயிற்றில் பிள்ளை ஒரு தரம் புரண்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வீரையன் தோளைப் பற்றினாள். ஹெலிகாப்டர் தென்கிழக்கே போய்ப் புள்ளியானதும் பிள்ளை பழையபடி அடங்கிவிட்டது. மேலே இருந்து பார்த்ததெல்லாம் பார்த்ததில் சேராது என்று அதற்குத் தெரிந்திருந்தது. வயிற்றுப் பிள்ளைக்குத் தெரிந்தது நாடாளுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் கிடந்த மரங்கள் உளுத்தன. உளுத்த மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டது. புயலுக்குத் தப்பி நின்ற கால்வாசித் தென்னைகளின் குருத்தை அந்த வண்டுகள் ஏறித் துளைத்தன. காற்று விட்டுவைத்ததை உத்தரவு தின்றது. மரத்தை எடுத்து எரித்தால் வண்டு போகும் என்று விவசாய அதிகாரி சொன்னார், மரத்தை எடுத்தால் பெயர் போகும் என்று தாசில்தார் ஆபீஸில் சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த கார்த்திகையும் வந்து போயிற்று. பங்குனியில் ஒரு நாள் ஸ்டெல்லா வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்திருக்கவே இல்லை. வெகுநேரம் கழித்து, "சத்தம் குறையுது தையலு. முன்ன மாதிரி இல்ல" என்றாள்.

"தூங்குதா இருக்கும் சிஸ்டர்."

"தூங்கல. சோர்ந்துபோச்சு. எத்தன நாளைக்குத்தான் அது காத்துக்கிட்டுக் கெடக்கும்? இன்னும் ஒரு மாசம் தாங்குனா பெருசு."

அதுவரை ஒரு நாளும் பயப்படாத தையல் அன்றைக்குப் பயந்தாள். நேரே பக்கிரிசாமி வீட்டுக்குப் போய், "பக்கிரிண்ணே, நீங்கதான மைக்குல சொன்னீங்க. திருப்பிச் சொல்லுங்க. இருந்தது போதும், வெளிய வான்னு சொல்லுங்க" என்றாள். பக்கிரிசாமி பதினாறு மாதமாக அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்த மனிதர். அன்றைக்கே ஆட்டோ பிடித்து, மைக் கட்டி, அவள் வாசலில் நின்று தொண்டை கிழியச் சொன்னார். பிள்ளை அசையவில்லை. காகிதத்தில் எழுதி வராததால் அவர் சொன்னது செல்லவில்லை போலும்.

சித்திரையில் குழு நிஜமாகவே வந்தது. நெடுஞ்சாலையில் பந்தல் போட்டு, பலகைகளில் புயல் சேதப் படங்களை வரிசையாக ஒட்டி, மேசையில் இளநீர் அடுக்கியிருந்தார்கள். கயிறு கட்டி அதற்குப் பின்னால் தாழங்காட்டாரை நிறுத்தினார்கள். வெயில் உச்சியில் இருந்தது. குழுவினர் வந்து இறங்கினார்கள், படங்களைப் பார்த்தார்கள், பெரியவர் ஒரு படத்துக்கு முன்னால் நின்று தலையை ஆட்டினார். அது வீரையன் வீட்டுப் படம், அடுப்படியில் தென்னையின் தலை. கயிற்றுக்கு அடியில் குனிய முடியாத தையல் கயிற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.

"ஐயா, அது எங்க வீடுங்க. இங்கேருந்து ஒரு எட்டுதான். படத்துல பாக்காதீங்க, வந்து பாருங்க. நீங்க பாக்கணும்னுதான் நாங்க ஒன்றர வருஷமா மரத்துமேல படுத்துக் கெடக்கோம். நீங்க பாக்கணும்னுதான் எம்புள்ள வெளிய வராம கெடக்கு. உள்ள வரைக்கும் வர வேணாம், வாசல்ல நின்னு ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுங்க. இந்த ஒரு பார்வைக்கு எங்க மரம் போச்சு, மாடு போச்சு, மிச்சமிருந்த குருத்தும் போச்சு. புள்ளையும் போயிடும்போல இருக்குய்யா."

பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் இதையெல்லாம் நாலே வார்த்தையில் சொல்லி முடித்தார். பெரியவர் நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். போகலாமே என்று காரைக் காட்டினார். கார் திரும்பி ஊர்ப்பாதையில் பத்தடி போய் நின்றது. குறுக்கே மூன்று மரம் கிடந்தது. பெரியவர் கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்டார், மொழிபெயர்ப்பாளர் திரும்பி ஊராரைக் கேட்டார்: "இவ்வளவு நாளா ரோட்டுல கெடக்குற மரத்தக்கூட ஏன் எடுக்கல? உங்களுக்கே அக்கறை இல்லாட்டி நாங்க என்ன பண்றது?"

ஊரார் பக்கிரிசாமியைப் பார்த்தார்கள். பக்கிரிசாமி தரையைப் பார்த்தார். கார் பின்னாலேயே போய்ச் சாலை ஏறியது. இளநீர்க் குலைகளை வேனில் ஏற்றிய அதிகாரி ஒருவர், "படத்துல பார்த்துட்டாங்க. பார்வையிட்டதாப் பதிவாயிடும். கலைஞ்சு போங்க" என்றார். அத்தனை பேரும் தையலின் வயிற்றைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. பொய்க்கு அது இறங்கி வருவதாக இல்லை.

தையல் வீட்டுக்கு நடந்தாள். வாய்க்கால் கரை நெடுகிலும் அவளுக்குள் கோபம் உலைத்தண்ணீராகக் கொதித்தது. அந்தப் பெரியவர் மேல் கோபம், மைக் மேல் கோபம், காகிதம் சொன்னதைக் கேட்டுப் பிணம் மாதிரி கிடந்த ஊர் மேல் கோபம். எல்லாரையும்விட அவள் தன் மேல்தான் கோபப்பட்டாள். குஞ்சம்மாளின் வாசலைத் தாண்டும்போது இடிந்த கொட்டகையும், அதன் ஆணியில் தொங்கிய கயிறும் கண்ணில் பட்டன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளில் இந்த வீட்டுக்கு நான் துக்கம் கேட்க வரவே இல்லையே.

தாழங்காட்டில் எந்த வீட்டில் எது செத்தாலும் துக்கம் கேட்காமல் விடமாட்டார்கள். பகையாளி வீடானாலும் போய்ப் பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள், ஆண்கள் கையை நீட்டித் தொட்டுவிட்டுப் பேசாமல் உட்காருவார்கள். திரும்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, சொன்னால் துக்கமும் கூடவே திரும்பி வரும், சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். வெள்ளிப் புயலில் மட்டும் எல்லா வீட்டிலும் துக்கம் விழுந்ததால் யார் வீட்டுக்கு யார் போவது என்று தெரியாமல் போயிற்று. அதற்குள் குழு வந்து பார்க்கும் என்று சொல்லிவிட்டார்கள். பார்க்கிற வேலையைக் குழுவிடம் விட்டுவிட்டு, ஒருவர் வீட்டை ஒருவர் பார்க்காமலேயே ஒன்றரை வருஷம் இருந்துவிட்டார்கள்.

தையல் கொட்டகைக்குள் போனாள், கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். குஞ்சம்மாள் உள்ளேயிருந்து வந்து பார்த்தாள்.

"என்னடி இது?"

"மாடு என்ன நிறம்க்கா?"

குஞ்சம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "செவலை" என்றாள். "நெத்தியில வெள்ள. ரெண்டாம் ஈத்து. கன்னு உள்ள இருந்துச்சுடி, இன்னும் எட்டு நாளுல போட்டிருக்கும். ஒரு பாவி கேக்கல, கன்னு உள்ள இருந்துச்சான்னு ஒரு பாவி கேக்கல..." அதற்குமேல் சொல்ல முடியாமல் அவள் தையலின் தோளில் விழுந்தாள். அந்த வயிற்றைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகை தெருவுக்குக் கேட்டது. கூட்டம் கலைந்து வந்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்து அழுதார்கள். ஆண்கள் வெளியே நின்று கையை நீட்டினார்கள். பிறகு யாரும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்தார்கள். குஞ்சம்மாளும் அவர்களோடு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அன்று மத்தியானம் தொடங்கித் தாழங்காடு தாழங்காட்டைப் பார்த்தது. மரத்துக்கு வயது கேட்டார்கள், யார் வைத்தது என்று கேட்டார்கள், சுவர் எந்தப் பக்கம் விழுந்தது, அரிசிப்பானை உடைந்ததா தப்பியதா என்று கேட்டார்கள். பக்கிரிசாமியின் ஓட்டுவீட்டுக்கும் போனார்கள். அவருடைய ஆறு மரம் விழுந்ததும், அரசாங்க ஆள் என்பதால் அவர் பெயரை யாரும் எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை என்பதும் அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்.

வெயில் தாழ்ந்தபோது கடைசியாகத் தையல் வீட்டுக்கு வந்தார்கள். மரத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். படத்தில் தெரியாததெல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, மரத்தின் மேல் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பான இடம், அடுப்புப் புகையில் கறுத்த தலை, தார்ப்பாயாகத் தொங்கிய பேனரில் சிரிக்கிற கட்சிக்காரர். குஞ்சம்மாள் மரத்தைத் தொட்டுக் கேட்டாள்:

"யாரு வச்ச கன்னுடி?"

"எங்க கல்யாணத்தன்னிக்கு வச்சதுக்கா" என்றாள் தையல். அன்றைக்குத்தான் அவளும் முதல்முதலாக அழுதாள்.

அழுது முடித்ததும் கோடாலியை எடுத்தாள். வீரையன் குறுக்கே வந்து, "தையலு, பட்டியல்ல பேரு போயிடும்" என்றான்.

"போவட்டும். பேரு இருந்து என்னத்தக் கண்டோம்? பாக்க வேண்டியவங்க பாத்தாச்சு."

ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள். உளுத்த மரத்தில் கோடாலி மாவில் இறங்குவது போல இறங்கிற்று, வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் கொட்டின. இரண்டாவது வெட்டுக்குக் கையை ஓங்கியவள் அப்படியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஸ்டெல்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கோடாலியை வீரையன் வாங்கிக்கொண்டான், அவனிடமிருந்து பக்கிரிசாமி வாங்கினார். ஆண்கள் மரத்தைத் துண்டு துண்டாக வெட்டி வெளியே தூக்கத் தூக்க, பெண்கள் சேலையைப் பிடித்து மறைக்க, மரத்தின் தலை வாசல் தாண்டிய நேரத்தில் பிள்ளை பிறந்தது.

பெண் பிள்ளை. எடை மற்றப் பிள்ளைகளின் எடைதான், இரண்டு பல்லும் நிறைய முடியும் இருந்தன. பிறந்ததும் அது அழவில்லை. கண்ணைத் திறந்து, குனிந்து நின்ற ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்தது. எல்லாரையும் பார்த்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தது. அது அழுத அழுகையில் எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்க்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊர் ஒரே வாரத்தில் மரங்களை எடுத்து எரித்தது. தெரு தெருவாகப் புகைந்தது, வண்டு ஒழிந்தது.

ஒரு மாதம் கழித்துத் தாசில்தார் ஆபீஸிலிருந்து ஒருவர் கையில் டேப்லெட்டோடு வந்தார். இப்போதுதான் புதிய உத்தரவு வந்திருக்கிறதாம், வீடு வீடாக விழுந்த மரத்தைப் படம் எடுத்து ஏற்ற வேண்டுமாம். வீரையன் மண்ணெடுக்கப் போயிருந்தான். தையல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, மரம் கிடந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"மரம் எங்கம்மா?"

"எரிச்சாச்சுங்க."

"யாரக் கேட்டு எரிச்சீங்க? பார்வையிடாம எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தோம்ல?"

"பாத்தாச்சு."

"யாரு பாத்தா?"

"ஊரு பாத்துச்சு."

"ஊரு பாத்தாச் செல்லாதும்மா." அவர் கொல்லையைப் பார்த்தார், புதிதாக வேய்ந்த கூரையைப் பார்த்தார். "இங்க ஒண்ணுமே இல்லையே. சேதம் இல்லைன்னுதான் போட முடியும்."

"போட்டுக்குங்க."

அவர் அங்கேயே உட்கார்ந்து டேப்லெட்டில் விரலால் தட்டினார். மடியில் கிடந்த பிள்ளை கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது என்னவோ போலிருந்தது. எழுந்து, கொஞ்சம் இரக்கமாகவே சொன்னார், "வருத்தப்படாதம்மா. மேல பேசிப் பாக்குறேன். இன்னொரு தரம் வர்றோம். போயிட்டு வரேன்."

"அப்புடிச் சொல்லாதீங்க."

"என்னம்மா?"

"இது துக்கம் நடந்த வீடு. துக்க வீட்டுல வரேன்னு சொல்லக் கூடாது. சொல்லாமப் போங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்து வாசலில் குஞ்சம்மாள் நின்றாள், எதிர்வாசலில் ஸ்டெல்லா நின்றாள், தெருவில் இன்னும் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.